இரத்தோட்டை நூர் டாக்கீஸ் மூடிய வாரம்

இலங்கையில், மாத்தளையில் நான் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, "ஒரு சாப்பாடு" என்றேன். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கையும் மிளகாய், வெங்காயம் இடித்த கட்டச்சம்பலையும் கொண்டுவந்து வைத்தார். சோறு எங்கே என்று கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என்னை அழைத்துப் போக வந்த நண்பர் கனகசபை விளக்கம் சொன்னார். "இஞ்ச செவ்வாயும் வெள்ளியும் கடையள்ல சோறு குடுக்கேலாது. அரசாங்கச் சட்டம். அரிசிக்குத் தட்டுப்பாடு. மாவுக்கும் தட்டுப்பாடுதான், பாண், உங்கட ஊர் ரொட்டி, வேணுமெண்டால் விடியவே போய் வரிசையில நிக்க வேணும். நீர் நல்ல நேரம் பாத்து வந்திருக்கிறீர்."

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சியில் கல்லூரியில் என்னோடு படித்தவர். இப்போது மாத்தளைக் கச்சேரியில், நம் ஊர் மொழியில் சொன்னால் கலெக்டர் ஆபீஸில், வேலை பார்க்கிறார். அவருடைய வாடகை வீட்டில்தான் எனக்கு அந்த வாரம் முழுக்கத் தங்கல்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் சினிமாத் தொழிலுக்கென்று வருகிற ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் எனக்கு வேலை. கடல் கடந்து தமிழ்ப் படம் ஓடிய கொட்டகைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட எங்கள் ஆசிரியர் நினைத்தார். எந்தக் கொட்டகை எப்போது திறந்தது, எப்போது மூடியது, ஏன் மூடியது என்று விசாரித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார். மாத்தளைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது நான். கனகசபை அங்கே இருந்ததுதான் காரணம்.

கிழங்கு நன்றாக வெந்திருந்தது. சம்பல் காதுவரை எரித்தது. அதற்கு மேல் பால் இல்லாத தேநீர் வந்தது. சர்க்கரையைத் தேநீரில் போடவில்லை. என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார்கள். கையை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் கோட்டுப் போட்ட உத்தியோகஸ்தர்களும் அதையே செய்வதைப் பார்த்ததும் எனக்கும் பழகிவிட்டது.

புதன்கிழமை ஊருக்குள் நடந்தேன். முன்பு கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தை கனகசபை காட்டினார். இப்போது அது கொக்கோவும் ஏலக்காயும் அடுக்கிவைக்கும் கிட்டங்கி. டிக்கெட் கொடுத்த துவாரம் அப்படியே இருந்தது; அதன் வழியாக மூக்கை விட்டால் ஏலக்காய் மணம் வந்தது. திருச்சியில் மூடிய கொட்டகைகளுக்குள் நான் முகர்ந்ததெல்லாம் வௌவால் நாற்றம்தான்.

எதிரே முடிதிருத்தும் கடை. அங்கே விசாரித்தேன். திறப்பு விழாவைப் பற்றி எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். வாழைமரம் கட்டியிருந்தது, பாண்டு வாத்தியம் வந்தது, கூட்டத்தில் ஒருவருடைய செருப்பு தொலைந்தது என்று எல்லாம் பொருந்திவந்தது. எப்போது மூடினார்கள் என்று கேட்டதும் குழப்பம் தொடங்கியது. மழை வருஷம் என்றார் ஒருவர். கலவரத்துக்குப் பிறகு என்றார் இன்னொருவர். "மூடவே இல்லீங்க, திறக்கறத நிறுத்திட்டாங்க" என்றார் கத்தரிக்கோல் பிடித்திருந்தவர்.

அது எனக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இதே அனுபவம்தான். கொட்டகை திறப்பதைப் பார்க்க ஊரே வருகிறது. மூடுவதைப் பார்த்தவர் என்று ஒருவரும் அகப்படுவதில்லை. ஒருநாள் வந்து பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

அன்று மாலை கனகசபை என்னை ஹமீது நானாவிடம் கூட்டிப் போனார். நானா என்றால் அண்ணன். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அறுபது வயதிருக்கும், தொப்பி, தடித்த மூக்குக் கண்ணாடி. மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை. அதோடு இரத்தோட்டையில், தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே, ஒரு படமாளிகை. சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்திலேயே தோட்டத்துச் சனங்களை நம்பி அவரே கட்டியது. பெயர் நூர் டாக்கீஸ்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மகன்" என்றார் நானா. "சனிக்கிழமையோட நூர் டாக்கீஸ மூடுறேன். கடைசிப் படம். காசு வாங்காமக் காட்டப் போறேன். ஈந்து பாத்துட்டுப் போங்க." அவர் வாயில் 'இருந்து' என்பது 'ஈந்து' ஆகும், 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கொட்டகை மூடுவதை நேரில் பார்க்கப் போகிறேன்.

"ஏன் மூடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"படம் வாறது கொறவு. மிஷினுக்கு வெளிச்சம் தாற கார்பன் குச்சி கெடைக்கிறதில்ல. வேற என்ன செல்ல?" என்று சொல்லிவிட்டு, மிளகு மூட்டையில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இரத்தோட்டைக்குப் போனேன். பேருந்தில் என் மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டு, அதற்குச் சொந்தக்காரி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். இறங்கும்போது வாங்கிக்கொண்டு, "பாரமா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நூர் டாக்கீஸ் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். பின்பக்கம் மரப்படி ஏறினால் இயந்திர அறை. அங்கே ஆபரேட்டர் ராமையா புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், நீலநிற ஸ்வெட்டர். மேலே உள்ள தோட்டம் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரை நானா கொட்டகைக்குக் கூட்டி வந்திருக்கிறார். கொழும்பிலிருந்து வந்த முதல் ஆபரேட்டர் குளிர் தாங்காமல் ஓடிப்போன பிறகு, கொஞ்ச காலம் நானாவே தட்டுத்தடுமாறி ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாம் ராமையாதான்.

நான் திருச்சிக்காரன் என்றதும் அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"திருச்சிங்களா? எங்க தாத்தா ஊரு துறையூரு பக்கம்னு சொல்லுவாங்க. நாங்க ஞாயித்துக்கெழம அங்கதான் போறோம் சார்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துச் சனங்களில் இன்னார் இங்கே, இன்னார் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். அந்த நாளில் லயத்தில் எல்லோரும் இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தார்கள்; இவரும் கொடுத்தார். வருஷக்கணக்காக ஒன்றும் வரவில்லை. மறந்தே போய்விட்டது. இப்போது பாஸ்போர்ட்டும் வந்து, நாட்டை விட்டுப் போகச் சொல்லித் துண்டும் வந்துவிட்டது. அவரும் மனைவி மாரியாயியும் போகிறார்கள். ஒரே மகள் சரோஜா இங்கே குடியுரிமை கிடைத்த பையனைக் கட்டிக்கொண்டவள். அவள் போக முடியாது.

"எனக்கு இந்தியா தெரியும் சார்" என்றார் ராமையா. இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த சின்னத் துவாரத்தைக் காட்டினார். "இது வழியா எத்தனையோ வருசமா பாக்குறேன். கோயிலு, தேரு, வயலு, மாட்டு வண்டி. நம்ம ஊருல ஆறு ஓடுதுங்களா?"

அப்போது மாரியாயி சாப்பாட்டுத் தூக்கோடு படியேறி வந்தாள். அவளும் என் பதிலுக்குக் காத்து நின்றாள்.

உள்ளதைச் சொன்னேன். "துறையூர்ப் பக்கம் ஆறு இல்லை. பெரிய ஏரி இருக்கிறது. மழை இல்லாமல் வறண்டு கிடக்கிறது. வேலை கிடைப்பதும் கஷ்டம்."

மாரியாயி தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "மலை இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. பச்சைமலை என்று பெயர். ஊரிலிருந்து பார்த்தால் தெரியும்."

"குளுருமா?"

"குளிராது."

அவள் கணவனுடைய ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "நேரே கிராமத்துக்குப் போகாதீர்கள். கப்பலில் இறங்கியதும் மண்டபம் முகாமில் வைப்பார்கள். அங்கிருந்து விட்டதும் திருச்சிக்கு வாருங்கள். எங்கள் பத்திரிகைக்குக் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் பழக்கம். அங்கே படம் ஓட்ட லைசென்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் உடன் வருகிறேன்."

"பரீட்சை வெப்பாங்களா?"

"வைப்பார்கள். இந்த மிஷினைப் பற்றித்தான் கேட்பார்கள்."

"இதப் பத்தின்னா கேக்கட்டும்" என்றார் ராமையா.

தூக்கில் குரக்கன் ரொட்டியும், கொச்சிக்காய் என்கிற மிளகாய் போட்ட கருவாட்டுத் தொக்கும் இருந்தன. எனக்கும் பங்கு வைத்தார்கள். குரக்கன் நம் கேழ்வரகுதான். கோதுமை மாவு கிடைக்காததால் அந்த வருஷம் நாடே கேழ்வரகுக்குத் திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை கலேவெலைக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு கூடாரக் கொட்டகை இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குச் சிங்களம் வராது என்பதால், நானா தன் கடையில் வேலை செய்யும் செல்வத்தைத் துணைக்கு அனுப்பினார். இந்தச் செல்வம்தான் சரோஜாவின் கணவன். நானா இன்னொரு காரியமும் கொடுத்தார். "வாற வழியில தம்புள்ளைத் தியேட்டர்ல படப் பெட்டி தருவாங்க. அத வாங்கிட்டு வாங்க. அது வந்தாத்தான் சனிக்கிழமை படம்."

வடக்கே போகப் போக மலை இறங்கிவிட்டது. வெயிலும் நெல்வயலும் வந்தன. புதுக்கோட்டைச் சாலையில் போவதுபோலவே இருந்தது. கொட்டகை நடத்திய முதலாளி சிங்களவர். வயிறு குலுங்கச் சிரிக்கிறவர். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னார். செல்வம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கூடாரத்துக்குள் சிங்களப் படம் ஒரு நாள், தமிழ்ப் படம் ஒரு நாள். எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்தேன். ஒரு வருஷம் வானம் பொய்த்தது. வயல் வெடித்தது. படம் பார்க்க வந்தவர்களே வந்து, முதலாளி, அந்த எஞ்சினைக் கொடுங்கள், குளத்து அடியில் இருக்கிற தண்ணீரை இறைக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. இன்னும் திரும்பி வரவில்லை."

"கேட்கவில்லையா?"

"அந்த நெல்லைத்தானே நானும் சாப்பிடுகிறேன்" என்றார் முதலாளி.

அந்த நெல் அன்று எங்களுக்கும் கிடைத்தது. கடையில்தான் வெள்ளிக்கிழமை சோறு கூடாது. வீட்டில் தடை இல்லை. முருங்கைக்காய்க் கறியும் குளத்து மீனும் வைத்து அவருடைய மனைவி பரிமாறினாள். தட்டுப்பாட்டால் கனகசபை வீட்டிலும் கிழங்குதான்; மாத்தளைக்கு வந்தபின் நான் உண்ட முதல் சோறு அது. இரவு அங்கேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் தம்புள்ளையில் படப் பெட்டியை வாங்கினோம். அறுகோணத் தகரப் பெட்டி, இருவர் தூக்க வேண்டிய கனம். மாத்தளைப் பேருந்தின் கூரையில் ஏற்ற முடியாது, வெயிலில் பிலிம் கெட்டுவிடும் என்று செல்வம் நடத்துனரோடு வாதாடி, இருக்கைக்கு நடுவில் வைத்துவிட்டான். பிற்பகல் மூன்று மணிக்குப் படம். நேரம் தாராளமாக இருந்தது.

நாவுலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் குறுக்கே தடி போட்டுப் பேருந்தை நிறுத்தினார்கள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாதென்று அப்போது காவல் போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கிப் பை, சாக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு கிழவரின் தலையணையைக்கூடக் குத்திப் பார்த்தார்கள். எங்கள் பெட்டியைக் கண்டதும் காவலருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"இதில் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பயஸ்கோப்" என்றான் செல்வம்.

திறக்கச் சொன்னார். பெட்டியின் பூட்டுச் சாவி முன்கூட்டியே நானாவிடம் போயிருந்தது. திறக்காமல் விட முடியாது என்றார் காவலர். உடைத்தால் வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றான் செல்வம். இருவர் குரலும் ஏறியது. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன படம், யார் நடித்தது, சண்டை உண்டா என்று எல்லோரும் கேட்டார்கள். செல்வம் பொறுமை இழந்து, பின்வருமாறு சொன்னதாகப் பிறகு எனக்கு மொழிபெயர்த்தான்: "என் மாமனாரும் மாமியாரும் நாளைக்கு நாட்டை விட்டுப் போகிறார்கள். அவர் இத்தனை வருஷமாகப் படம் காட்டியவர். இது அவர் காட்டப் போகிற கடைசிப் படம்."

கூட்டம் அடங்கியது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு சிங்களப் பெண் காவலரிடம் என்னவோ சொன்னாள். அவர் பெட்டியை ஒருமுறை சாய்த்து, காதை வைத்துக் கேட்டார். அரிசி உருளும் சத்தம் இல்லை. தடியைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அரிசி கடத்துகிறவன் இவ்வளவு சத்தம் போடுவானா என்று கேட்டாள் சார்" என்றான் செல்வம்.

அதோடு முடியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் பேருந்து புகை கக்கி நின்றது. ஓட்டுனர் அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். கடைசியில் மிளகு ஏற்றி வந்த ஒரு லாரியில் கெஞ்சி ஏறினோம். நான் தும்மிக்கொண்டே மாத்தளைக்கு வந்தேன். அங்கிருந்து நானா அனுப்பிய கார். இரத்தோட்டை போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது.

கொட்டகை வாசலில் கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருந்தது. மலைமேல் தோட்டங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள். சிலருக்கு ராமையாவைப்போலவே துண்டு வந்திருந்தது, சிலருக்கு வரவில்லை. புதுச்சேலை கட்டிய பெண்கள் அவித்த கடலையைச் சுருளில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியைக் கண்டதும் ஒரு விசில் கிளம்பியது. ராமையா பெட்டியின் ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு செல்வத்தோடு படியேறிவிட்டார்.

நான் இயந்திர அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். நானாவும் அங்கேதான் இருந்தார். இடைவேளை முடிந்து இரண்டாவது ரீல் போனதும் ராமையா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனக்கக் கூடாது. நான் ஒரு நாளும் கீழ உக்காந்து படம் பாத்ததில்ல. மாரியாயி கூட உக்காந்து பாக்கணும்னு..."

"போ, போ" என்றார் நானா. "நான் ஓட்டாத மிஷினா?"

ராமையா சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். சுவர்த் துவாரம் வழியாகப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இருவருக்கும் நடுப் பெஞ்சில் இடம் விட்டார்கள்.

நானா புதிய ரீலை மாட்டி ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிலிம் அறுந்தது. திரை வெள்ளையாகிவிட்டது, கீழே விசில். நானா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இறக்கி, தடவித் தடவி ஒட்டினார். மறுபடி ஓட்டினார். மறுபடி அறுந்தது. துவாரத்தில் பார்த்தால் ராமையா பாதி எழுந்துவிட்டார். மாரியாயி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

பின்படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. சரோஜா வந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"நானா, தள்ளுங்க."

நானா விலகினார். அவள் அறுந்த இரு முனைகளையும் கத்தரித்து, சுரண்டி, பசை தடவி, மூச்சை அடக்கி அழுத்திப் பிடித்தாள். பற்சக்கரங்களில் பிலிமைக் கோத்தாள். கார்பன் குச்சிகளை நெருக்கி வெளிச்சத்தைச் சீராக்கினாள். மோட்டாரை முடுக்கினாள். திரையில் படம் வந்தது. கீழே கைதட்டல். அதற்கப்புறம் ரீல் தீரும்வரை, அடுத்தடுத்த ரீல்களும் தீரும்வரை, ஒருதரம்கூட அறவில்லை.

"நீ எப்போது கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

அவள் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சின்னப் புள்ளையில அப்பாவுக்குச் சோறு கொண்டாருவேன். பாத்துக்கிட்டே நிப்பேன். தொட விடமாட்டாரு. கார்பன் வெளிச்சம் கண்ணக் கெடுத்துரும், பிலிம் தீப்புடிக்கும், பொம்பளப் புள்ளைக்கு ஆகாதும்பாரு. ஒரு தடவ அப்பா காய்ச்சல்ல ஒரு வாரம் கெடந்தாரு. அந்த வாரம் யாரு ஓட்டுனதா நெனக்கிறீங்க?"

நானா கூரையைப் பார்த்தார்.

"அப்பாகிட்டச் சொல்லிறாதீங்க சார்" என்றாள் சரோஜா. "அங்க போயும் இதையே நெனச்சுப் பயந்துக்கிட்டு இருப்பாரு."

'வணக்கம்' என்ற சிலைடு விழுந்ததும் அவள் பின்படி வழியாக இறங்கிவிட்டாள். கொட்டகைக்குள்ளிருந்து ஏறும் முன்படி வழியாக ராமையா மேலே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நானா, மொதல்லதான் தடுமாறுனீங்க. அப்பறம் நல்லா ஓட்டுனீங்க. மறக்கலையே நீங்க."

"கை பழகின வேலைதானே" என்றார் நானா.

ஞாயிறு பிற்பகல் மாத்தளை ரயில் நிலையத்துக்குப் போனேன். இந்தியக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்கிறார்கள். அது ஏன் என்று அன்று தெரிந்தது. தகரப் பெட்டிகளும் மூட்டைகளும் மேடை நிறையக் கிடந்தன. போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் அழுவதுபோலப் பாட்டாகச் சொல்லி அழுதார்கள். சிங்களவரான நிலையத் தலைவர் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, அசைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

ராமையா அழவில்லை. ஸ்வெட்டரின் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். சரோஜா தாயின் தலையை வாரிவிட்டாள். நானா வழியில் சாப்பிட இடியப்பப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். மாவு எங்கே கிடைத்ததோ தெரியவில்லை. ரயில் நகர்ந்ததும் சரோஜா ஜன்னலைப் பிடித்தபடி மேடையின் கடைசிவரை நடந்தாள். அதற்குமேல் நடக்க இடமில்லை.

திரும்பும்போது நானா பேசினார். "படம் வாறதில்ல, கார்பன் இல்லன்னு ஒங்களுக்குச் சென்னேன். அதெல்லாம் எப்பவும் ஈக்கிற கஷ்டம்தான். வேற ஆள் வெச்சி ஓட்டலாம். அவன் இல்லாத கொட்டகைக்குள்ள போக எனக்கு மனசு இல்ல மகன்."

மறுநாள் நான் ஊர் திரும்பினேன். நூர் டாக்கீஸ் மூடிய கதையை எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். நேரில் பார்த்தது என்பதால் அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் கனகசபையிடமிருந்து செய்தி வந்தது. அந்தப் பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில், எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் ராமையாவும் மாரியாயியும் வந்து நின்றார்கள். மண்டபம் முகாமில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறார்கள். மாரியாயி இளைத்திருந்தாள். ராமையா ஸ்வெட்டரை மடித்துத் தோளில் போட்டிருந்தார். துறையூர்ச் சாலையில் ஒரு டூரிங் டாக்கீஸ்காரரிடம் ஏற்கனவே பேசிவைத்திருந்தேன். லைசென்ஸ் கிடைக்கும்வரை உதவியாளாக இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மோர் வாங்கிக் கொடுத்தேன்.

"நேத்து துறையூருக்குப் போயி ஏரியப் பாத்தோம் சார்" என்றாள் மாரியாயி. "நீங்க சொன்ன மாதிரிதான். மலையையும் பாத்தோம்."

ராமையா மோரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "நானா எப்பிடி இருக்காரு? கொட்டகைய இடிச்சுட்டாங்களா?"

"இல்லை. திறந்துவிட்டார். மறுபடி படம் ஓடுகிறது."

அவர் முகத்தில் மகிழ்ச்சியும் வேறொன்றும் கலந்து வந்தன. "யாரு சார் ஓட்டுறா?"

சரோஜா இப்போது சொல்லலாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதனால் சொன்னேன். "உங்கள் மகள்."

ராமையா என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மாரியாயி டம்ளரின் அடியில் இருந்த மோரைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க காய்ச்சல்ல கெடந்தப்பவே ஓட்டுனவதான" என்றாள் மாரியாயி.

ஆசிரியர் உள்ளே வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வெளிச்சத்தப் பாக்குறாளா?" என்று கேட்டார் ராமையா.

"தெரியவில்லை. எழுதிக் கேட்கிறேன்."

"இப்பவே எழுதுங்க சார்" என்றார் ராமையா. நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இயந்திரத்தின் மேல் மூடியில் தொடங்கி எதை எதை எப்படித் துடைக்க வேண்டும், எந்தத் திருகை இறுக்கக் கூடாது, எந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவர் இன்னும் லென்ஸுக்கு வரவில்லை.